ரப்பர் கொழுக்கட்டை

லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் வேலை செய்யும் கடையில் தின்ன முடியாத சாப்பாடுதான் விற்பனைக்கு. முட்டை வடிவ மணிக்கூடு, வாழைப்பழ லைட்டர், பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற வடை, தோசை. ரப்பருக்குள் காந்தம். போன வருடம் அதே மாதிரி, ஒரு தகர டப்பாவில் பன்னிரண்டு கொழுக்கட்டை வந்தது. சுண்டுவிரல் நுனியளவுதான், ஆனால் விளிம்பில் மடிப்புக்கூட இருந்தது. பார்த்ததும் எனக்கொரு குறும்பு யோசனை வந்தது. நாசமாய்ப்போன யோசனை.

தம்பியின் மகள், எனக்கு மருமகள் முறை, ரயிலில் போகிற தூரத்தில் செவ்ரானில் இருக்கிறாள். அவளுடைய பெண் குழந்தைக்கு முதல் பல் முளைத்து, ஞாயிற்றுக்கிழமை பகல் பல்லுக் கொழுக்கட்டை கொட்டினோம். குழந்தையை இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, அதன் மேல் கொழுக்கட்டையைக் கொட்டுவது எங்கள் வழக்கம். முன்னால் புத்தகம், பேனா, கண்ணாடி, நகை இருக்கும். எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலமாம். கொட்டுகிற ஆள் நான். என் பன்னிரண்டையும் சுளகில் இருந்த உண்மையான கொழுக்கட்டைகளோடு கலந்தேன்.

மருமகள் கண்டுவிட்டாள். "மாமி, அது வேண்டாம். பிள்ளை வாயிலை வைச்சிடும்."

"நாலு பிள்ளை வளர்த்தவளுக்கு நீ படிப்பிக்காதை," என்றேன். வேண்டாம் என்று யாராவது சொன்னால் செய்தே தீருவேன். அது என் பிறவிக்குணம்.

கொட்டினேன். ஒருவர் ரப்பரைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளிக்க, வீடே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தை புத்தகத்தையும் தொடவில்லை, நகையையும் தொடவில்லை. மடியில் விழுந்ததை இரண்டு கையாலும் அள்ளியது. "சமையல்காரியாகப் போறாள்," என்றார்கள்.

எல்லோரும் போன பிறகு பொறுக்கி எண்ணினேன். பத்து. சோபாவுக்கடியில் பார்த்தேன், துணியை உதறினேன். பத்துத்தான்.

"மாமி, உங்கடை சாமான் எல்லாம் இருக்கோ?" என்று குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டே மருமகள் கேட்டாள்.

"ஓம் பிள்ளை, இருக்கு."

வந்த பிள்ளைகள் யாராவது சட்டைப்பைக்குள் போட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரயிலில் டப்பாவைத் திறந்தேன். பத்தும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. இரண்டைப் பிரித்து மடியில் தள்ளித் தள்ளி வைத்தேன். என் பாவாடைத் துணியைச் சுருட்டி நடுவில் நெரித்துக்கொண்டு மறுபடி ஒட்டின. இரண்டையும் பிரித்து டப்பாவில் போட்டு மூடினேன். அப்போதே போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் மருமகளே எடுத்தாள். குழந்தை சத்தி எடுக்கிறதாம், குடித்த பால் நிற்கவில்லையாம்.

"பல்லு முளைக்கேக்கை அப்பிடித்தான். பயப்பிடாதை." இதை எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் நம்புவார்கள். நான் நம்பாமல் சொன்னேன்.

அவள் நம்பினாள். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் கடையில் நிற்கும்போது மறுபடி அழைப்பு. "மாமி, வயிறு கல்லு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரி உர்ஜான்ஸுக்குப் போறம்." பிறகு கேட்டாள்: "நீங்கள் எண்ணினனீங்கள்தானே?"

எதிரே ஒரு பெண் அதே டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டாள்.

"ரெண்டு குறையுது," என்றேன்.

போன் நின்றுவிட்டது.

எக்ஸ்ரேயில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் குடல். ஒரு நாள் முந்தி வந்திருந்தால் வெட்டியிருக்கத் தேவையில்லை என்றார் டாக்டர். குழந்தை பிழைத்தது. ஒரு பல் முளைத்த அந்தச் சின்ன உடம்பில் நீளமாக ஒரு தையல்.

இப்போது சின்னவள் நடக்கிறாள். என்னைக் கண்டால் ஓடிவந்து கையை விரிப்பாள், என்ன கொண்டுவந்தேன் என்று பார்க்க. அதற்குள் மருமகள் வந்து என் கைப்பையை வாங்கி, அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, "இருங்கோ மாமி, தேத்தண்ணி போடுறன்," என்பாள். நான் வெறுங்கையோடு குழந்தைக்கு முன்னால் இருப்பேன்.