காதில் வைத்த பஞ்சு

மகனின் காதைத் துடைக்க டாக்டர் இன்று ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்ததும் வந்த வாசனை, கடற்கரைச் சாலையில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கு என்னை இழுத்துப் போய்விட்டது. அந்தப் பச்சைத் திரை, கிறீச்சிடும் மின்விசிறி, காய்ச்சலோ வயிற்றுவலியோ எதுவானாலும் தருகிற ரோஸ் நிற மருந்துத் தண்ணீர், வேளைக்கு இவ்வளவு என்று புட்டியில் ஒட்டிய வெட்டுக் காகிதம்.

கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற அப்பா காதில் சீழ் வடிய அங்கே உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் படகு முதலாளியும் கூடவே வந்து உட்கார்ந்திருப்பார், அவருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நான் நினைப்பேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, பஞ்சு வைத்து, அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் முதலாளியிடம் திரும்பி, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நாளைக்கே கடலுக்கு அனுப்பலாம்," என்பார். அதைக் கேட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்திருக்கிறேன்.

"செவிப்பறைல ஓட்டைம்மா. ஆறுற வரைக்கும் சொட்டுத் தண்ணி உள்ள போகக்கூடாது," என்றார் இன்றைய டாக்டர், என் முகத்தைப் பார்த்து.

ஓட்டைக் காதோடு சங்கு குளித்துக் குளித்தே முழுச் செவிடாகிப்போன அப்பாவிடம் வீட்டுக்கு வந்து அதைக் கத்திச் சொன்னேன். என் உதட்டையும் பேரனின் காதுப் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏளா, நம்ம டாக்டர் இருந்தா மறுநாளே தண்ணில எறக்கியிருப்பாரு," என்று சிரித்தார். "அவரு கைராசி அப்படி."