தேசப்பன் மாமா கொடுத்தனுப்பிய டப்பா

தேசப்பன் மாமா எதையும் சும்மா நம்ப மாட்டார். ரேஷன் அரிசியை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு இரும்பு மில்லில் ஒப்பந்த வேலை. ஒருமுறை கான்ட்ராக்டர் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி, பழைய ஆட்கள் எல்லோரையும் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று மாற்றிவிட்டான். அதிலிருந்து மாமாவுக்கு யாராவது பேனாவை நீட்டினாலே சந்தேகம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தற்காலிக வேலை. பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க, வயதானவர்களுக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்தோம். அதில் கொஞ்சம் மலம் எடுத்துத் தந்தால், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஆட்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று மில் வாசலிலேயே மேசை போட்டோம். கான்ட்ராக்டர் என் பக்கத்தில் நின்று பேர் கூப்பிட்டான்.

மாமா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மெர்சி, எங்க பீ மேல இவனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பாசம்?"

"இது கம்பெனியோடது இல்ல மாமா. சர்க்கார் டெஸ்ட்."

"அப்போ அவன் ஏன் நின்னுக்கினு கீறான்?"

வரிசையே சிரித்தது. நான் படித்தது மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கத்தானா என்று இருந்தது.

கேட் பாஸ் புதுப்பிக்கும்போது உடல் பரிசோதனை உண்டு. நோய் தெரிந்தால் வேலை போகும். அதனால் சர்க்கரை உள்ளவர்கள் வேறு யாருடைய மூத்திரத்தையாவது வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பது அங்கே சாதாரணம். எனக்கும் தெரியும். ஆனால் அதை இந்த டப்பாவோடு சேர்த்து யோசிக்கவில்லை.

மாமாவின் டப்பாவில் ரத்தம் இருப்பதாக முடிவு வந்தது. "மில்லில் சொல்லாதே, வீட்டுக்குப் போய்ச் சொல்" என்றார் டாக்டரம்மா. ஞாயிறு சர்ச் முடிந்து போனேன்.

"பயப்படாதீங்க மாமா. ரத்தம் இருந்தாலே கேன்சர்னு இல்ல. சென்னைல குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும், அவ்ளோதான்."

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "மாட்னீங்களா! அது என்னுதே இல்ல. டெஸ்ட்டே டுபாக்கூரு!"

"அப்போ யாருது?"

சிரிப்பு நின்றது. சமையலறையைப் பார்த்தார். அங்கிருந்து ஞானம்மா அத்தை வந்தாள்.

"என்னுதுதான். நான் ஒரு நாளும் ஜொரம்னு படுத்ததில்லன்னு சொல்லி என்னை எடுத்துக் குடுக்கச் சொன்னாரு."

"உனக்கு இன்னா பண்ணுது?" மாமாவின் குரல் இறங்கிவிட்டது.

"கொஞ்ச நாளா நடந்தா மூச்சு வாங்குது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா? எங்க தின்னே, யாரு இன்னா குட்த்தான்னு என்னையே போலீசு மாதிரி நோண்டுவே."

மாமா என்னிடம் திரும்பினார். "அவ பேர்ல புதுசா ஒரு டப்பா குடுத்துடு. பழைய கத எதுக்கு?"

"மூச்சு வாங்குறது ரத்தம் போறதாலகூட இருக்கலாம். ஆனா ரத்தம் தெனமும் கசியாது மாமா. அடுத்ததுல இல்லன்னு வந்தா அத்தையை விட்டுடுவாங்க. இது அவங்களோடதுன்னு டாக்டரம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"அந்தம்மா கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டா? என் வேல?"

"சொல்ல மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"தெரியாது மாமா."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பொய்யாவது சொல்லியிருக்கலாமோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை மாமா வேலைக்குப் போகாமல் அத்தையோடு வந்தார். டாக்டர் அறைக் கதவைத் தானே சாத்தி, இழுத்தும் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா அத்தையின் பேரில் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். மாமாவுக்கு வேறு டப்பா தரச் சொன்னார். இனி மில் வாசலில் மேசை வேண்டாம், வீடு வீடாகப் போய்க் கொடுங்கள் என்றார்.

அத்தையின் குடலில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. அப்போதே எடுத்துவிட்டார்கள். இன்னும் புற்றுநோயாக மாறவில்லை, விட்டிருந்தால் மாறியிருக்கும் என்று அறிக்கை வந்தது.

மாமா நம்பவில்லை. எங்களில் யாரையும் அறியாத ஒரு டாக்டரைத் திருவள்ளூரில் தேடிப் பிடித்து, அத்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய் அறிக்கையைக் காட்டினார். அவரும் அதையேதான் சொன்னார். வெளியே வந்ததும் மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இந்த ஆளு உங்களுக்குத் தெரிஞ்சவரு இல்லியே?"

"யோவ், மூணாவது டாக்டரைத் தேடாதே" என்றாள் அத்தை. "பசிக்குது. நாஷ்டா வாங்கிக் குடு."