மூக்கருக்கு மாட்டிய கிளிப்

அக்கா புருஷனை நான் அத்தான் என்பேன்; அவர் மெக்கானிக்காக இருக்கும் பஸ் டிப்போவில் எல்லோருக்கும் மூக்கர்தான். பானெட்டைத் திறக்காமலே முகர்ந்து பார்த்து, எந்தக் குழாயில் டீசல் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். அதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை. இரும ஆரம்பித்தாலோ தெருவே திரும்பிப் பார்க்கும். இனிமேல் புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நல்லவேளை, டிப்போவுக்கு ஹைட்ரஜன் பஸ்கள் வந்தன. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுக்கும் வாயுவாம். பஸ்ஸை ஓட்டிவிட்டு மறுபடி தண்ணீராகவே சொட்டுகிறது. புகை என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்த ஷெட்டில் சேரப் பரீட்சை உண்டு. தேறாவிட்டால் பழையபடி டீசல் ஷெட்தான்.

பரீட்சைக்காகக் குழாய் இணைப்பு ஒன்றில் வேண்டுமென்றே லேசாகக் கசியவிட்டிருந்தார்கள். கசிவைக் காட்டும் மீட்டரைக் கையில் கொடுத்தார்கள். அத்தான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நேராக மூக்கைக் கொண்டுபோய் வைத்தார்!

"அண்ணே, இதுக்கு வாசனையே கிடையாது. தீப்பிடிச்சா பகல்ல கண்ணுக்கும் தெரியாது. மூஞ்சி போயிருக்கும்," என்றாள் பயிற்சி கொடுத்த பெண். அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு தருவார்கள், அதோடு சரி.

வீட்டுக்கு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. விஷயத்தைக் கேட்ட அக்கா, கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பை உருவி வந்து அவர் மூக்கில் மாட்டினாள்.

"இது சும்மா இருந்தாத்தான் நீங்க உருப்படுவீங்க. இப்ப தேடுங்க."

அந்த வாரம் முழுக்க மனிதர் மூக்கில் கிளிப்போடு, டிவி ரிமோட்டை மீட்டராக நீட்டிக்கொண்டு, குளியலறைக் குழாய் முதல் வாஷிங் மெஷின் வரை துழாவிக்கொண்டு திரிந்தார். சிரித்துத் தொலைத்து அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை பரீட்சைக்கும் கிளிப்போடுதான் போனார். ஷெட்டே சிரித்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு இணைப்பாக மீட்டரை நகர்த்தினார். ஓரிடத்தில் அது வீல் என்று கத்தியது. தேறிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா படுக்கையறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதறிப்போனேன்.

"என்னக்கா?"

"ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தாருடா. ரொம்ப நேரமா இருமல் சத்தமே காணோம். பயந்துபோய் எட்டிப் பார்த்தேன்."

"என்ன ஆச்சு?"

"தூங்குறாரு," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.