விராந்தையில ஒரு ஊசிமெத்தைக்காரி

ஊசியைத் தொலைச்சுட்டு, அப்புறம் அதைக் காலாலயே கண்டுபிடிக்கிற என் இனத்தவங்களே, உங்களுக்காகத்தான் நான் இந்தத் தொழில்ல எறங்கினேன்! ஊசிமெத்தைன்னா வேறொண்ணுமில்ல, ஊசியைக் குத்தி வைக்கிற கையளவு மெத்தை. பதுளைக் கடைவீதியில காசிம் நானா தையக்கடை முன்பக்கத் திண்ணையில, அதான் விராந்தையில, உக்காந்து தைக்கிறேன். அவர் வெட்டிப் போடுற துண்டுத்துணி எனக்கு. இந்த மூலை போச்சுன்னா, ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்க பழைய தோட்டத்துக்கே திரும்பிப் போய், விடியக்காலம் பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நின்னு கொழுந்துக்கூடையைத் தூக்கணும். நெனச்சாலே இடுப்பு வலிக்குது.

கைப்பிடி போன கோப்பை

துரைமார் வீட்டுல ஒடஞ்ச பீங்கானெல்லாம் பழைய சாமான்காரர்கிட்ட வரும். கைப்பிடி போன கோப்பை ஒண்ணை வாங்கி, உள்ள சிவப்பு வெல்வெட் மெத்தையை உப்பலா வச்சு ஒட்டினேன். ஒரு பங்களா துரைசாணி பாத்ததுமே ஆசையா எடுத்து, என்னைய வாய் ஓயாமப் புகழ்ந்து வாங்கிக்கிட்டா. கோப்பை அவ வீட்டுதுதான். அது அவளுக்குத் தெரியல. கூடவே குடை பிடிச்சு வந்த சமையக்கார அப்புவுக்குத் தெரிஞ்சுபோச்சு. மனுசன் மொகத்தைப் பாக்கணுமே! அம்மா வண்டியில ஏறினதும் என் பக்கம் குனிஞ்சு சொன்னாரு: "ஒடச்சதுக்கு எனக்கு ஏச்சு, ஒடஞ்சதை வித்ததுக்கு ஒனக்குப் புகழ்ச்சியா?"

சக்கை

மெத்தைக்குள்ள அடைக்கப் பஞ்சு வாங்க எனக்கு வசதியில்ல. தேயிலைத் தோட்டத்துல பொறந்த புத்தி எங்க போகும்? தேத்தண்ணி வடிச்ச சக்கையைக் காயவச்சு அடைச்சேன். வெயில்காலம் முழுக்க நல்லாத்தான் இருந்துச்சு, மோந்து பாத்தே வாங்கினாங்க. மழை எறங்குச்சு பாருங்க, சக்கை ஈரத்தை இழுத்து ஊசியெல்லாம் துருவாப் போச்சு. அது தெரியாம நானா, நான் தைச்சுக் குடுத்த மெத்தையில இருந்து ஒரு ஊசியை உருவி, யாரோ மாப்பிள்ளையோட வெள்ளைக் கோட்டைத் தைச்சிருக்காரு. தையல் போன வழியெல்லாம் பழுப்புப் புள்ளி! தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சு எனக்குக் கையே எரிஞ்சுபோச்சு. அதிர்ந்து பேசாத மனுசன் அன்னைக்குக் கத்திட்டாரு: "தங்கச்சி, இன்னொரு கரைச்சல் வந்துச்சுன்னா விராந்தையைக் காலி பண்ணிடணும். நான் கேட்டது ஊசிக்கு மெத்தை, தேத்தண்ணி இல்ல!"

துரு பிடிக்காத வழி

அவ்வளவு மழையிலயும் என் கொண்டையில செருகி மறந்த ஊசி மட்டும் பளபளன்னு இருந்துச்சு. எண்ணெய் ஊறின முடி துருவை அண்ட விடாது. அப்புறம் என்ன, தலை வாரும்போது உதிர்ற முடியைச் சுருட்டிச் சுருட்டி மெத்தைக்குள்ள அடைச்சேன். பொம்பள முடி, அதுல ஊசி! நம்ம சனம் அதுக்கு என்ன பேர் வைக்கும்னு உங்களுக்கே தெரியும். என் மரமண்டையிலதான் ஏறல.

எங்க பழைய தோட்டத்துக் கங்காணியோட பொஞ்சாதி அதுல ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. எலி அதைக் கடிச்சுப் பிரிச்சுருச்சு. ஞாயித்துக்கிழமை சந்தைக் கூட்டத்துக்கு நடுவுல வந்து, அதைக் கடை வாசல்ல வீசுனாங்க. "செய்வினை! என் மாடு பால் வத்துனது இதாலதான்!" கூட்டம் அப்படியே பின்வாங்குச்சு. நானா மெஷினை நிறுத்திட்டு என்னையே பாக்குறாரு. போச்சு, இனிமே கூடைதான்! வெக்கத்தை விட்டு, அத்தனை பேர் முன்னாடியும் கொண்டையை அவுத்துப் போட்டேன். "நல்லாப் பாருங்கம்மா, அது என் முடிங்க. இத்தனை நாளா நீங்க குத்துனது என்னையத்தான். எனக்கு ஒரு தலைவலிகூட வரல!"

யாரோ சிரிச்சாங்க, அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மா மட்டும் சிரிக்கல. என்னமோ யோசிச்சுக்கிட்டே போயிட்டாங்க. நானா மறுபடி மெஷினை மிதிச்சதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அடுத்த சந்தைக்கு அந்தம்மா திரும்ப வந்தாங்க. அக்கம்பக்கம் பாத்துட்டு முந்தானை முடிச்சை அவுத்து, நரைமுடிச் சுருள் ஒண்ணை என் கையில வச்சு, காதோட சொன்னாங்க: "எங்க மாமியா முடி, இதை அடைச்சு ஒண்ணு தை. அவுங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது தாயி. எனக்குக் குத்தணும், அவ்வளவுதான்."

விராந்தை மூலை இன்னும் என்னுதுதான், ஊசியில நூல் கோக்கவே தெரியாத மருமகளுங்க எல்லாம் இப்ப என்கிட்டதான் ஊசிமெத்தை வாங்குறாங்க.