நீட்டிய கை

என் மைத்துனன் புளியங்குடி ரோட்டில் புரோட்டா கடை திறந்தபோது சொந்தக்காரர்கள் சுவர்க்கடிகாரமும் சாமி படமும் கொண்டுவந்தார்கள். நான் ஒரு மரச் சிலையைக் கொண்டுபோனேன். இடுப்பளவு உயரம். உடம்பில் பாதி தலை, வட்டக் கண், காது வரைக்கும் இழுத்த வாய், மடங்கிய குட்டைக் கால். பசிபிக் கடலின் நடுவே இருக்கிற தீவுகளில் இந்த மாதிரி உருவங்களைச் செய்வார்கள். சங்கரன்கோவிலில் அதைச் செய்கிற ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எனக்குப் பத்திர ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. முகூர்த்த நாளில் மூச்சு விட நேரம் இருக்காது. அஷ்டமி, நவமி என்றால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஈ ஓட்டிய ஒரு நாளில்தான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். தோளெல்லாம் பச்சை குத்திய ஒருவர் கடற்கரையில் உட்கார்ந்து ஒரு கட்டையைக் கொத்திக் கொத்தி முகமாக்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகு எனக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை.

வீட்டில் உடைந்து கிடந்த மாக்கல் சட்டியின் அடிப்பாகத்தில்தான் ஆரம்பித்தேன். மாக்கல் கத்திக்கே வெட்டுப்படும். கட்டைவிரல் அளவில் ஒரு முகம் வந்தது. பிறகு மரக்கடையில் வேப்பந்துண்டும் பூவரசந்துண்டும் வாங்கி, உளியும் அதைத் தட்டுகிற கொட்டாப்புளியுமாக மொட்டை மாடியில் உட்கார ஆரம்பித்தேன். என் மனைவி முதலில் பயந்தாள், அப்புறம் பழகிவிட்டாள். பூசை ரூம் பக்கம் மட்டும் கொண்டுவரக் கூடாது என்பாள்.

நம் சாமியையே செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். சிரித்துச் சமாளிப்பேன். உள்ளுக்குள் எனக்குக் காரணம் தெரியும். பிள்ளையாரைச் செய்தால் துதிக்கை சரியில்லை, கண் திறந்த முறை சரியில்லை, கறி தின்றுவிட்டா உளியைத் தொட்டாய் என்று தெருவே கேட்கும். இந்த உருவத்துக்காகக் கேட்க இங்கே ஆள் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் செய்தேன்.

மைத்துனனுக்குக் கொடுத்த வேப்ப மரத்துச் சிலையை நெட்டில் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்துச் செய்தேன். ஏதோ ஒரு மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற பழைய சிலை. அதற்கு இரண்டு கையும் முழங்கைக்குக் கீழே உடைந்திருந்தன. கைகளை எப்படி வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த சமயம் மைத்துனன் மாடிக்கு வந்தான். கட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கடை திறக்கும்போது இது தனக்கு வேண்டும் என்றான். கை கழுவுகிற இடத்தில் நிறுத்தலாம், ஒரு கையை நீட்டினாற்போல் வைத்தால் அதில் ஹேண்ட் வாஷ் பாட்டிலை வைக்கலாம், வருகிறவர்கள் ரசிப்பார்கள் என்றான். எனக்கும் அது பிடித்திருந்தது. இடது கையை வயிற்றில் வைத்தேன். வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையில் பாட்டில் உட்காருகிற அளவுக்கு வட்டமாகக் குழி எடுத்தேன்.

கொடுப்பதற்கு முன்னால் மாடியில் சாயங்கால வெயிலில் நிறுத்தி, முகமும் நீட்டிய கையும் நேரே தெரிய ஒரு படம் எடுத்து, இப்படிச் செதுக்குகிறவர்கள் சேர்ந்திருக்கிற ஒரு குழுவில் போட்டேன். நாலைந்து பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதோடு மறந்துவிட்டேன். புரோட்டா கடையில் சிலைக்கு நல்ல பேர். பிள்ளைகள் அதோடு செல்ஃபி எடுத்தார்கள். நானும் சாப்பிடப் போனால் அதன் கையிலிருந்து பாட்டிலை அமுக்கிக் கை கழுவிவிட்டுத்தான் வருவேன்.

பல மாதம் கழித்து ஒரு பெண்ணிடமிருந்து ஆங்கிலத்தில் செய்தி வந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, போனிலேயே தமிழாக்கியும் பார்த்தேன். அவள் அந்தத் தீவுகளில் ஒன்றைச் சேர்ந்தவள். இப்போது வேறொரு நாட்டில் ஒரு நகரத்தில் பஸ் ஓட்டுகிறாள். நான் பார்த்துச் செய்தது அவர்கள் குடும்பத்து மூதாதையின் சிலையாம். யாரோ வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்களாம். இன்றைக்கு ஐரோப்பாவில் இருக்கிறது. திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கோபமாக ஒரு சொல் இல்லை. முகம் நன்றாக வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி. “எங்கள் தீவில் கைகள் இரண்டும் வயிற்றின் மேல்தான் இருக்கும். நீங்கள் ஏன் ஒரு கையை நீட்டி வைத்தீர்கள்?”

படம் பார்த்துச் செய்தேன், யார் என்று தெரியாது, மன்னிக்க வேண்டும் என்று மட்டும் எழுதினேன். கையைப் பற்றி எழுதவில்லை. மறுநாள் அவளே மறுபடி எழுதினாள். அவளுடைய அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தீவை விட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. படத்தைக் காட்டியதும் அம்மா ரொம்ப நேரம் அழுதாளாம். “அவர் கை நீட்டி நம்மைக் கூப்பிடுகிறார் என்கிறாள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாள்.”

அன்றைக்கு மத்தியானம் கடையை அடைத்துவிட்டு மைத்துனன் கடைக்குப் போனேன். அடுப்பு மூட்டுகிற நேரம், கூட்டம் இல்லை. வாஷ்பேசின் பக்கத்தில் அவர் நின்றார். அன்றுதான் எனக்கு அது ‘அவர்’ ஆனது. யாரோ தலையில் ஈரத் துணியைப் போட்டிருந்தார்கள். வாயில் பல்குத்தும் குச்சி ஒன்று செருகியிருந்தது. நெஞ்சில் சால்னா தெறித்துக் காய்ந்திருந்தது. முன்னாலும் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன். துணியை எடுத்தேன், குச்சியை எடுத்தேன். பாட்டிலை எடுக்கப் போனபோது மைத்துனன் வந்துவிட்டான்.

விஷயத்தைச் சொல்லி, திருப்பிக் கொடு என்றேன். அவன் முழுக்கக் கேட்டான், ஆனால் அவன் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். எங்கேயோ இருக்கிற பொம்பளை ஏதோ எழுதினாள் என்பதற்காகவா என்று கேட்டான். இன்னொன்று செய்து தருகிறேன் என்றேன். அவன் முகம் மாறிவிட்டது.

“எத்தன பேரு எத்தனயோ குடுத்தாவ அத்தான். நீங்க குடுத்தத மட்டும்தான் நான் கடைக்கு முகமா வச்சிருக்கேன். அதப் போயி திருப்பிக் கேக்கிய.”

பாட்டிலை அவர் கையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குள் அவன் அக்காவுக்குப் போன் போட்டிருந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி, தம்பி அழுதான் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு அவளை உட்கார வைத்து அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துக் காட்டினேன். அம்மா அழுத இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

“சோப்புத் தண்ணி வைக்கத்தான் கைய நீட்டுனிய. அத அந்த அம்மைட்ட எப்படிச் சொல்லுவிய?”

அவள் தம்பியிடம் என்ன பேசினாளோ தெரியாது. அந்த வாரமே ஒரு காலையில் அவன் சிலையை லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினான். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தான். காபி குடித்துவிட்டுப் போ மாப்ளே என்றேன். வேலை கிடக்கிறது என்று ஏறிப் போய்விட்டான். அவன் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு உண்மையை எழுதினேன். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் சின்ன வாக்கியங்களாக எழுதினேன். என் மைத்துனன் புரோட்டா கடை வைத்திருக்கிறான். கை கழுவும் இடத்தில் சிலை நின்றது. கை நீட்டியிருப்பது பாட்டிலுக்காக. இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உங்கள் அம்மாவிடம் என்னால் மன்னிப்புக் கேட்கக்கூட முடியவில்லை.

பதில் வரவில்லை. செய்தியைப் பார்த்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. கடையில் பத்திர நகல் எடுக்கும்போதெல்லாம் ஒரு கண் போனிலேயே இருந்தது. அப்படியே பல நாள் போன பிறகு எழுதினாள். திட்டுவாள் என்று நினைத்துத்தான் திறந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அவரைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள், வீடியோவில் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தாள். நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை மாடிக்கு ஏற்றினோம். என் மனைவி தானாகவே ஒரு புதுத் துண்டைக் கொண்டுவந்து அவர் காலடியில் விரித்தாள். போனில் மகள் முகம் வந்தது, பஸ் டிரைவர் சட்டையோடு இருந்தாள். பிறகு கட்டிலில் சாய்ந்திருந்த ஒரு அம்மா. வெள்ளை முடி, பெரிய கண்ணாடி. எனக்கு வணக்கம் சொல்லவில்லை, என்னைப் பார்க்கவே இல்லை. நான் போனைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அந்த அம்மா அவரிடம் அவர்கள் பாஷையில் பேச ஆரம்பித்தாள். நடுநடுவே அழுதாள், ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தாள். நீண்ட நாள் கழித்து வந்த சொந்தக்காரரிடம் வீட்டு விஷயமெல்லாம் சொல்வதுபோல இருந்தது. எனக்குக் கை வலித்தது. மாற்றிப் பிடிக்கவும் கூச்சமாக இருந்தது. போன் கொஞ்சம் கீழே இறங்கியபோது நீட்டிய கை திரையில் தெரிந்தது. அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டாள். உள்ளங்கையில் இருந்த குழியைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று பாஷை தெரியாமலே எனக்குப் புரிந்தது.

மகள் ஒரு தடவை அந்தக் குழியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தலையைத் தடவிக்கொண்டே நாலைந்து வார்த்தை சொன்னாள். அந்த அம்மா மெதுவாகத் தலையாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். மகள் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

என்ன சொன்னாள் என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை. பொய்தான் சொல்லியிருப்பாள். பெற்ற தாயிடம் அவளைப் பொய் சொல்ல வைத்தது நான்.

அவர் இப்போது எங்கள் முன் அறையில், ஜன்னல் பக்கம் நிற்கிறார். கையைத் திருத்தலாமா என்று ஒரு முறை எழுதிக் கேட்டேன். வேண்டாம், அம்மாவுக்கு அப்படியே இருக்கட்டும் என்றாள். நான் மாடியில் உட்கார்ந்து அகப்பையும் மாக்கல் கிண்ணமும் செய்கிறேன். முகம் எதுவும் செய்வதில்லை. மைத்துனன் கடையில் வாஷ்பேசின் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. ஏதாவது வைக்கக் கூடாதா என்று போன வாரம் சாப்பிடப் போனபோது கேட்டேன். “இருக்கட்டும் அத்தான்” என்று சொல்லிவிட்டு இலையைப் போட்டான்.