வெயில் இருக்கு, கரண்ட் எங்கே?

போன மாதம் ஆந்திராவில் இருக்கும் கார்வேட்டிநகரம் போயிருந்தேன். அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம். காலையில் சர்ச்சில் எல்லாம் நல்லபடியாக முடிந்து, மத்தியானம் வீட்டில் பிரியாணி. ஹாலில் நாற்பது பேர். போதகர் ஜெபம் செய்து 'ஆமென்' சொன்னார்... ஃபேன் நின்றது!

யாரும் கவலைப்படவில்லை. மாடியில்தான் சோலார் இருக்கிறதே!

அண்ணன் தேவதாஸ் ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். சோலார் போட்டு இரண்டு மாதம்தான். அன்றைக்கு வந்தவர்களையெல்லாம் மாடிக்கு அழைத்துப்போய்ப் பேனலைக் காட்டிய பிறகுதான் குடிக்கத் தண்ணீரே கொடுத்தார்.

ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்... ஃபேன் சுற்றவில்லை.

"இன்னாங்க, வெயிலு மண்டையப் பொளக்குது. கரண்ட்டு எங்க?" என்றார் மார்த்தா அண்ணி, கையில் கரண்டியோடு.

நாற்பது பேர் முன்னால் இப்படிக் கேட்டால் எந்த மனிதருக்குத்தான் ரோஷம் வராது? அண்ணன் விடுவிடுவென்று வராண்டாவுக்குப் போனார். மைக் செட்காரர் விட்டுப்போன சின்ன ஜெனரேட்டர் அங்கே இருந்தது. ஒரு வயரை எடுத்து, இரண்டு முனையிலும் பிளக் மாட்டினார். ஒரு முனை ஜெனரேட்டரில், இன்னொன்று சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டில்.

"வூடு முழுக்க கரண்ட்டு வந்துடும், பாரு பாப்பா" என்றார் என்னிடம்.

எனக்கும் அது பிரமாதமான ஐடியாவாகத்தான் பட்டது. ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இதற்குள் நான் ஷீபாவுக்கு போன் போட்டிருந்தேன். இந்த சோலாரை மாட்டிக்கொடுத்த இன்ஜினியர் பெண். திருப்பதியில் இருக்கிறாள்.

"ஆன்ட்டி, இன்வெர்ட்டர் கெட்டுப்போவல. அதுவாத்தான் நின்னுக்கினு கீது" என்றாள்.

"ஏம்மா?"

"பேனல்ல வர்றது டிசி. இன்வெர்ட்டர் உள்ள கீற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்சுங்க அத வெட்டி வெட்டி வூட்டுக்கு வேண்டிய ஏசி கரண்ட்டா மாத்துது... செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தபா. ஆனா தெரு லைன்தான் அதுக்குத் தாளம் போடணும். லைன் போச்சுன்னா உடனே அதுவும் நிறுத்திக்கும். யாராவது கம்பத்துல ஏறி வேலை செஞ்சிக்கினு இருந்தா?"

அடேயப்பா! கம்பத்தில் இருப்பவருக்காகவா இது இப்படி வாயை மூடிக்கொண்டு நிற்கிறது?

"பரவாயில்லம்மா, அண்ணன் ஜெனரேட்டர் போடறாரு" என்றேன், பெருமையாக.



"மெயின் ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணாரா?"

"இல்லியே..."

"ஐயோ, நிறுத்துங்க ஆன்ட்டி! அந்தக் கரண்ட்டு வூட்டோட நிக்காது. தெரு லைனுக்குப் போயி, டிரான்ஸ்ஃபார்மர்ல ரிவர்ஸா ஏறும். ஆயிரக்கணக்குல வோல்ட்டு!"

நான் திரும்புவதற்குள் அண்ணன் ஜெனரேட்டர் கயிற்றை ஒருமுறை இழுத்துவிட்டார். இன்ஜின் இருமியது... பிடிக்கவில்லை. மறுபடியும் கயிற்றைச் சுண்டப் போனார்.

"அண்ணா, வாணாம்! கைய எடு!"

ஐம்பது வருஷத்தில் அண்ணனை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. திகைத்துப்போய்க் கையை எடுத்தார். நான் பிளக்கைப் பிடுங்கினேன். இருவரும் கேட்டைத் தாண்டி ஓடிவந்து பார்த்தோம்.

தெருக்கோடியில், டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வெறும் கையால் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் அப்படியே கேட் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா காரியம் பண்ண இருந்தேன், பாத்தியா பாப்பா..."

பிறகு எழுந்துபோய், அந்த மனிதர் இறங்குகிறவரை கம்பத்தடியில் வெயிலிலேயே நின்றார். கையோடு வீட்டுக்கு அழைத்துவந்தார். லைன்மேன் பெயர் முனிரத்தினம். அண்ணன் ஒன்றுவிடாமல் அவரிடம் ஒப்பித்தார். எங்கே அவர் கத்தப்போகிறாரோ என்று நான் பயந்தேன்.

அவர் நிதானமாகக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "உங்க மாடில சோலார் கீதுன்னு தெரியும் சார். அதப் பாத்துட்டுத்தான் ஏறனேன். லைன் போனா அது நின்னுடும். ஜெனரேட்டரு அப்டி இல்ல சார், மேல யாரு கீறாங்கன்னு அதுக்கு இன்னா தெரியும்? பர்வாலேது, உடுங்க. பிரியாணி வாசன வருது, ஒரு வாய் துன்னுட்டுப் போறேன்."

போதகருக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்து, அண்ணி இரண்டு தடவை பரிமாறினார். அண்ணன் பின்னால் நின்று அட்டையால் விசிறினார்!

இதே மாதிரி எலக்ட்ரானிக் ஸ்விட்ச்சுகள்தான் பிரம்மாண்டமான சைஸில் பெரிய சப்ஸ்டேஷன்களில் உட்கார்ந்து, வோல்டேஜ் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்கின்றனவாம். ஷீபா பிறகு சொன்னாள். இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் எனக்கு அண்ணன் வீட்டு இன்வெர்ட்டரின் மேல்தான் பிரியம் வந்துவிட்டது. எப்போது நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறதே... நம்மில் எத்தனை பேருக்குத் தெரிகிறது?

நேற்று அண்ணி போன் செய்தார். இப்போதெல்லாம் கரண்ட் போனால் அண்ணன் முதலில் தெருக்கோடிக்குப் போய், கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறாராம்.

"நீ வரும்போது நாலு விசிறி வாங்கிக்கினு வா" என்றார் அண்ணி.