கச்சாயில் பயறு அவிந்தது

1993 சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் நாள், காலை ஐந்து நாற்பதுக்கு உடுவிலில் என் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். கரியரில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் இரண்டு போத்தல், கைப்பையில் எங்கள் பள்ளிக்கூட அதிபர் தந்த கடிதம் ஒன்று. போகுமிடம் கச்சாய். ஏறக்குறையப் பதினெட்டு மைல். போகும் காரியம், புஷ்பராணியைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கூட்டிவருவது.

புஷ்பராணி என்னோடு பத்து வருடம் தமிழ் படிப்பித்தவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவளுடைய கணவர் செல்வரத்தினம் வேலை பார்த்த தொழிற்சாலை சண்டையால் மூடப்பட்டபின், தாய்வழியில் அவளுக்குச் சீதனமாக வந்த பத்துப் பரப்புக் காணியில் தோட்டம் செய்யலாமென்று இருவரும் தென்மராட்சிக் கச்சாய்க்குப் போய்விட்டார்கள். அவள் எடுத்த சம்பளமில்லா லீவு இந்த விடுமுறையோடு முடிகிறது. இரண்டாம் தவணை தொடங்கும்போது அவள் வந்து நிற்கவேண்டும், இல்லையேல் வேலையை விடுகிறேன் என்று எழுதித் தரவேண்டும். அதைத்தான் கடிதம் சொல்லியது.

அவள் வருவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. போன வருடம் கிணறு உப்பாகிப் பயிரெல்லாம் கருகிவிட்டதாக அவளே எழுதியிருந்தாள். வருடப் பிறப்புக்குள் தண்ணீர் திருந்தாவிட்டால் வந்துவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தாள். உப்புக் கிணறு திருந்தியதை யார் கண்டது? ஒரு வாய் தேநீருக்கும் அந்தத் தண்ணீரை நம்பக்கூடாதென்றுதான் போத்தல்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

கோண்டாவில், இருபாலை கடந்து ஆறே முக்காலுக்குச் செம்மணி வெளியில் இறங்கினேன். அங்கேதான் போத்தல்களால் வந்த வினை தொடங்கியது. மின்சாரம் இல்லாத ஊரில், மண்ணெண்ணெய் போத்தல் நூற்றைம்பது ரூபாய் விற்ற காலம் அது. தேங்காய் மூட்டையோடு வந்த ஒருவர் தன் சைக்கிளை என்னருகே அணைத்துக்கொண்டு வந்தார்.

"ரீச்சர், உந்தப் போத்தில் என்ன விலைக்குக் குடுப்பியள்?"

"அது தண்ணி, தம்பி."

"ஓம், ஓம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

நாவற்குழிப் பாலம்வரை ஆள் விடவில்லை. கடைசியில் இறங்கி, மூடியைக் கழற்றி மணக்கக் கொடுத்தேன். மணந்து பார்த்தவருடைய முகத்தில் வந்த ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. "தண்ணிதான். தண்ணியை ஆர் இப்பிடிக் காவிக்கொண்டு திரியினம்?" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு இருபதுக்குச் சாவகச்சேரி. சந்தைக்கு எதிரேயிருந்த கடையில் வெறுந்தேநீர் மூன்று ரூபாய், பனங்கட்டித் துண்டும் சேர்த்து. வருடப் பிறப்புச் சந்தையில் பலாப்பழமும் புதுப்பானையும் குவிந்து கிடந்தன. மீசாலையில் முன்சில்லுக்குக் காற்றுப் போனது. ஒட்டுப்போடப் பதினைந்து ரூபாயும் முக்கால் மணித்தியாலமும் போயின. காத்திருந்த வேளையில் தலைக்குமேல் வேம்பு பூக்களை உதிர்த்துக்கொண்டேயிருந்தது. வேலி கடந்து தொங்கிய மாங்கொப்புகளில் காய்கள் முற்றிக் கறுத்திருந்தன. எங்கோ ஒரு குயில் விடாமல் கூவியது. சித்திரை வந்தால் இந்தப் பகுதிக்குத் தனி அழகு வந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் ஒப்புக்கொள்ளும் மனநிலையில் இருக்கவில்லை.

கொடிகாமத்தில் தெற்கே திரும்பிக் கச்சாய் வீதியில் ஏறக்குறைய இரண்டு மைல். பதினொரு மணிக்கு அவர்களுடைய படலையைத் திறந்தேன். கருகிய தோட்டத்தைப் பார்க்கத் தயாராக வந்த கண்ணுக்கு, வாழையும் பயிற்றங்கொடியும் கத்தரியும் பச்சையாக நின்றது பிடிக்கவில்லை. மண்சுவர் வீடு, ஓலைக் கூரை, ஏழு கோழி, கன்றோடு ஒரு மாடு. வெங்காயப் பாத்திக்குள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்ற பெண் நிமிர்ந்தபோதுதான் அது புஷ்பராணி என்று தெரிந்தது.

"புஷ்பம், நீர் நல்லாக் கறுத்துப் போனீர்," என்றேன்.

"ஓமக்கா. ஆனா வடிவாச் சாப்பிடுறன், வடிவா நித்திரை கொள்ளுறன். பள்ளிக்கூடத்திலை இரண்டும் இல்லைத்தானே?"

கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தாள், மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டபின் செல்வரத்தினம் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். அதிகம் பேசாதவர், ஆனால் தன் பிழையை மறைக்காதவர். அவரும் எங்கள் வலிகாமப் பக்கத்தில் வளர்ந்தவர். எங்கள் செம்மண்ணில் தண்ணீர் குறைந்தால் பாறையை உடைத்து இன்னும் ஆழமாக்குவோம், தண்ணீர் பெருகும். அந்தப் புத்தியோடு, கடலேரிக்கு அரை மைலில் உள்ள இந்த மணலிலும் இரண்டு முழம் தோண்டினார். இருந்த மண்ணெண்ணெயையெல்லாம் ஊற்றி இயந்திரத்தால் நாள் முழுக்க இறைத்தார். மேலே நின்ற நல்ல தண்ணீர் முடிந்து, அடியில் கிடந்த உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. மூன்று கிழமையில் மிளகாய்க் கன்றெல்லாம் இலை ஓரம் கருகிச் செத்தன.

"பக்கத்து வளவுக்காரர் கிண்டாதை எண்டு சொன்னவை. நான்தான் கேக்கேல்லை," என்றார். "எனக்குத் தோட்டம் தெரியுமெண்டு நினைச்சன்."

தோண்டிய இரண்டு முழத்தையும் களிமண் போட்டு இடித்து மூடினார். மாரிக்கு முதல் காணியைச் சுற்றி வரம்பு கட்டி, விழுந்த மழையை ஒரு சொட்டும் வெளியே போகாமல் மறித்தார். மண்ணெண்ணெய் முடிந்ததால் கையால் இறைக்கத் துலா போட்டார். காலையில் அறுபது வாளி, பின்னேரம் அறுபது வாளி; அதற்கு மேல் பயிர் வாடினாலும் இல்லை. "கிணறு மூச்செடுக்க வேணுமக்கா," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இப்ப தண்ணி எப்பிடி?" என்று கேட்டேன்.

"நல்ல தண்ணி," என்றார் அவர்.

"கரிக்குது," என்றாள் பின்னால் வந்த புஷ்பராணி. "எனக்குக் கரிக்குது. இவருக்குக் கரிக்கேல்லை. ஒவ்வொரு நாளும் நக்கிப் பாத்து இரண்டு பேரின்ரை நாக்கும் செத்துப் போச்சு. குடிக்கிற தண்ணியை இப்பவும் கோயில் கிணத்திலையிருந்துதான் காவுறன். நீங்கள் சொல்லுங்கோ அக்கா. நீங்கள் சொன்னாக் கேப்பன். உப்பெண்டால் நாளையிண்டைக்கு உங்களோடை வாறன்."

கையில் ஒரு சிரட்டையில் தண்ணீர் ஏந்தி நீட்டினாள். இதைவிட வசதியான சந்தர்ப்பம் யாருக்கு வாய்க்கும்? ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்த காரியம் முடிந்தது. குடித்தேன். கரிப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. தண்ணீர் கரித்ததா, கரிக்கவேண்டும் என்ற என் ஆசை கரித்ததா என்று உண்மையாகவே தெரியவில்லை. அந்தப் பெண் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று படிப்பித்தவளுக்கு அப்போது வெட்கமாக இருந்தது.

"என்ரை நாக்கையும் நம்பேலாது," என்றேன். "பயறு இருக்கே வீட்டிலை?"

உப்புத் தண்ணீரில் பயறு அவியாது. இது யாழ்ப்பாணத்தில் அடுப்பூதிய எவருக்கும் தெரியும். போன ஆவணியில் இதே கிணற்றுத் தண்ணீரில் ஒன்றரை மணித்தியாலம் எரித்தும் பயறு கல்லாகவே கிடந்ததாம். இரண்டு சிறு சட்டிகளை அடுத்தடுத்து வைத்தோம். ஒன்றில் அவர்களுடைய கிணற்றுத் தண்ணீர், மற்றதில் நான் கொண்டுபோன உடுவில் தண்ணீர். ஒரே சுண்டால் அளந்த பயறு, ஒரே அளவு விறகு. நான்கு பத்துக்கு நெருப்பு மூட்டினோம். என் மணிக்கூட்டைக் கழற்றி நடுவில் வைத்தேன்.

செல்வரத்தினத்தால் அங்கே நிற்க முடியவில்லை. "தண்ணி இறைக்கிற நேரம்," என்று சொல்லிவிட்டுப் போய்த் துலாவடியில் சும்மா நின்றார். புஷ்பராணி இரண்டு அடுப்புக்கும் முன்னால் குந்திக்கொண்டு, தன் பக்கத்துச் சட்டியைப் பார்க்காமல் என் பக்கத்துச் சட்டியையே பார்த்தாள். எனக்கு இருபக்கமும் ஆசை வந்து தொலைத்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் தோற்கக்கூடாது, இவளும் தோற்கக்கூடாது. இந்த இரண்டையும் எந்தக் கடவுளிடம் கேட்பது?

நான்கு நாற்பதுக்கு அகப்பையால் அவர்களுடைய சட்டியிலிருந்து நாலு பயறு எடுத்தேன். விரலால் நசுக்கினேன். மாவாகப் போனது. இன்னும் நாலு எடுத்தேன். அதுவும் அப்படியே. என் சட்டியில் எடுத்தது நறுக்கென்று பல்லில் கடிபட்டது. எங்கள் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீரில் பயறு சுணங்கித்தான் அவியும். அது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனால் இப்படி அடுத்த அடுப்பு முந்திக்கொண்டதை ஒருநாளும் கண்டதில்லை.

"புஷ்பம்," என்றேன், "உம்மடை பயறு அவிஞ்சிட்டுது."

அவள் நம்பவில்லை. தானே நசுக்கிப் பார்த்தாள், பிறகு வாயில் போட்டாள், பிறகு சூடு என்றும் பாராமல் அகப்பையோடு கிணற்றடிக்கு ஓடினாள். "இஞ்சாருங்கோ, நல்ல தண்ணி. எங்கடை தண்ணி நல்ல தண்ணி." செல்வரத்தினம் துலாக்கயிற்றைப் பிடித்தபடி சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தவேயில்லை. அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. தோற்றவள் நான், ஆனால் என் வாழ்நாளில் வென்ற எந்த நாளிலும் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

மறுநாள் சூரியன் ஏறும்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே முற்றத்தில் பொங்கினார்கள். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவ வீட்டில் பொங்கும் வழக்கமில்லை. பானை பொங்கிச் சரிந்தபோது எந்தப் பக்கம் சரிந்தால் நல்லது என்று கேட்டேன். "எங்காலை சரிஞ்சாலும் நல்லதுதான், அக்கா," என்றாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் ஆறு மணிக்குப் புறப்பட்டேன். கரியரில் கத்தரிக்காய், முருங்கைக்காய், ஒரு வாழைக்குலையின் இரண்டு சீப்பு. கைப்பையில் அதிபருக்குப் புஷ்பராணி எழுதிய கடிதம். ஐந்து வரி. பிழை திருத்தும் பழக்கத்தில் வாசித்துப் பார்த்தேன், திருத்த ஒன்றும் இருக்கவில்லை. பாத்திக்குத் தண்ணீர் மாறும் நேரமாகையால் அவள் படலைவரை வரவில்லை. மண்வெட்டியை உயர்த்திக் காட்டினாள், அவ்வளவுதான்.

உடுவிலுக்கு வந்து தேநீருக்குக் கேத்தல் வைத்தேன். உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு விரற்கடைத் தடிப்பில் படிந்து கிடந்தது. தினமும் பார்த்த கேத்தல்தான். எங்கள் தண்ணீரைப் போல் தண்ணீர் இல்லை என்று இத்தனை வருடமாக ஊர் ஊராய்ச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

தவணை தொடங்குமுன் அதிபரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அங்கை அவ்வளவு கரைச்சலே? வரேலாமல் கிடக்கிறாவோ?"

"இல்லை, மிஸ். சந்தோசமா இருக்கிறா. அதுதான் வரேல்லை."

அவர் மேசையிலிருந்த நேர அட்டவணையை எடுத்தார். "சரி. அப்ப அவவுக்கு வைச்சிருந்த ஒன்பதாம் வகுப்பை ஆர் எடுக்கிறது?"

அந்த வருடம் பள்ளிக்கூடத்திலேயே குழப்படி கூடிய வகுப்பு அதுதான். எனக்கு ஏற்கெனவே நான்கு வகுப்புகள்.

"நான் எடுக்கிறன்," என்றேன்.